வேலூரிலும் குளிரும்

வேலூர்க்காரன் குளிர்கிறது என்று சொன்னால் எவரும் நம்புவதில்லை. சென்னையில் இருக்கும் மைத்துனர் சிரிக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், "சித்தப்பா, அக்கினி நட்சத்திரத்தை உங்கள் ஊரில்தானே தயாரித்து அனுப்புகிறார்கள்?" என்று கேலி பேசுகிறான். கோடையில் மாநிலத்தின் உச்ச வெப்பம் எங்கே பதிவானது என்று பார்த்தால், திருத்தணி, கரூர் பரமத்தியோடு எங்கள் ஊர்ப் பெயரும் செய்தித்தாளில் வந்துவிடும். 100 டிகிரி ஃபாரன்ஹீட் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் பத்திரிகைகளுக்கு ஊட்டியின் உறைபனியும் கொடைக்கானலின் மூடுபனியும் போதும். 16 டிகிரி செல்சியஸ் விடியற்காலையில் ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவே பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும் மோட்டார் சைக்கிள்காரனின் விரல் முட்டிகளைப் படம்பிடிக்க யாரும் வருவதில்லை.

16 டிகிரி ஒரு குளிரா என்று கேட்பீர்கள். டெல்லிக்காரருக்கு அது இதமான காலை. ஆனால் அவர் வீட்டில் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது, இழுத்து மூடினால் மூடிக்கொள்ளும் ஜன்னல் இருக்கிறது. எங்கள் வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் வெயிலோடு சண்டை போடுவதற்கென்றே அடுக்கப்பட்டது. காலை வைத்தால் சில்லென்று இருக்கும் ரெட் ஆக்சைடு தரை, கூரைக்கு அடியில் மூடவே முடியாத சிமெண்ட் ஜாலி, எதிரெதிரே வாசல். சித்திரையில் இவையெல்லாம் வரம். மார்கழியில் இரவு முழுக்கக் காற்று வீட்டுக்குள் புகுந்து புறப்பட்டுக்கொண்டே இருக்கும். அம்மா ஒவ்வொரு வருடமும் மைதாப் பசை காய்ச்சி, ஜாலியின் மேல் பழைய செய்தித்தாளை ஒட்டச் சொல்லுவாள். மாசி கடைசியில் கிழித்துப் போடுவோம். எங்கள் வீட்டின் குளிர்காலத் தற்காப்பு மொத்தமும் இவ்வளவுதான்.

காரணம் ஒன்றும் மர்மமல்ல. கடல் பகல் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு விடுகிறது. நாங்கள் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்துவிட்டால், தரையின் சூட்டைப் பிடித்து வைக்க மேலே மேகமும் இல்லை, காற்றில் ஈரமும் இல்லை. சுற்றிலும் குன்றுகள். இரவில் அந்தச் சரிவுகளில் குளிர்ந்த காற்று, எடை கூடிப்போய் அடிவாரத்துக்கு இறங்கித் தங்கிவிடுகிறது. மே மாதத்தில் எங்களைச் சுட்டுப் பொசுக்கும் அதே பாறையும் அதே வறண்ட காற்றும்தான் ஜனவரியில் நடுங்க வைக்கின்றன. இதை மைத்துனருக்கு எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். "இருந்தாலும் வேலூர் வேலூர்தானே மாமா" என்கிறார்.

வெயில் காலத்தில் தைக்கும் கையுறை

நான் ராணிப்பேட்டையில் தோல் கையுறை தைக்கும் ஒரு யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக தோல் பதனிடும் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவின் குளிருக்குப் போகும் சரக்கு இங்கிருந்து கோடையிலும் ஆடி ஆவணியிலும் கப்பலேற வேண்டும். ஆகவே கத்திரி வெயில் கொளுத்தும்போது, மின்விசிறி சுடுகாற்றை வாரி இறைக்கும் கொட்டகையில் உட்கார்ந்து பெண்கள் கம்பளி உள்துணி வைத்த கையுறைகளைத் தைப்பார்கள். அளவு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு, வேர்த்த கையை முந்தானையில் துடைத்துக்கொள்வார்கள். எங்களுக்குக் குளிர் வரும்போது அடுத்த வருடத்துக்கான மாதிரிகள் மேசையில் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக யாருக்கும் தோன்றாது.

என்னிடம் ஒரு ஜோடி இருக்கிறது. ஆட்டுத் தோல், காப்பிக்கொட்டை நிறம், உள்ளே கம்பளி. வலது கையின் கட்டைவிரல் அடியில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெளிறிய கோடு ஓடும். ஆடு உயிரோடு இருந்தபோது ஏதோ வேலிமுள் கிழித்த தழும்பு அது. சுண்ணாம்பில் ஊறி, குரோமியத்தில் பதமாகி, சாயமேறிய பிறகும் போகவில்லை. வெட்டும்போது யார் கண்ணிலும் படாமல் தப்பி, கடைசிச் சோதனையில் மாட்டிக்கொண்டது. வாங்குபவர் இதை ஏற்கமாட்டார். மேஸ்திரி என்னிடம் தூக்கிப் போட்டார். நெடுநாள் மேசை டிராயரில் கிடந்தது. கையுறை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டினால் கையில் ஏதோ வியாதி என்று நம் ஊரில் நினைத்துக்கொள்வார்கள்.

இந்தக் குளிருக்குப் பயந்து நான் தெற்கே கிளம்பியதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஜனவரி தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று யூனிட்டுக்கு விடுமுறை. தொரப்பாடி வீட்டிலிருந்து டீ குடிக்க பாகாயம் வரை வண்டியில் போனேன். திருவண்ணாமலைச் சாலை மஞ்சள் வெயிலில் நீண்டு கிடந்தது. வேலூரில் தொடங்கும் அந்த 38-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடிவரை போகிறது. பிறந்தது முதல் அதைத் திருவண்ணாமலை ரோடு என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன். வழி கேட்காமல், பெரிதாக எங்கும் திரும்பாமல், இந்தச் சாலையிலேயே போனால் கடல் வந்துவிடும், கடலோரத்தில் விடியற்காலைகூட இதமாக இருக்கும் என்று தோன்றியது. வீட்டுக்குத் திரும்பி இரண்டு சட்டையை எடுத்து வைத்தேன். மனைவி, "எங்கே?" என்றாள். "தூத்துக்குடி." "அங்கே யார் இருக்கிறார்கள்?" "யாரும் இல்லை. இங்கே குளிர்கிறது." என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள். பிரஷர் மாத்திரையைத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன்.

வந்த காரணம்

என் வண்டி பழைய நூறு சிசி. சோக்கை இழுத்து நாலைந்து முறை உதைத்தால்தான் மார்கழியில் எழுந்திருக்கும். சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் மார்போடு ஒரு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டேன். லாரி ஓட்டுநர்களிடம் கற்ற வித்தை இது. இருக்கிற எல்லா ஜாக்கெட்டையும்விட இது மேல். காற்று கம்பளியின் இழைகளுக்குள் நுழைந்துவிடும், காகிதத்தில் நுழையாது. கணியம்பாடி தாண்டி, கண்ணமங்கலம் தாண்டி, சந்தவாசல் பக்கம் ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டிச் சாலை போகும் இடத்தில்தான் சரியான குளிர். அங்கே நிறுத்தி அந்தத் தழும்புக் கையுறையை மாட்டினேன். முதல் சில நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக விரல்கள் எனக்குத் திரும்பிக் கிடைத்தன. இத்தனை வருடமாக எங்கோ ஹாம்பர்க்கிலும் மிலானிலும் இருப்பவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது இதைத்தானா என்று ஒரு பக்கம் சந்தோஷமாகவும் ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருந்தது.

போளூர் வந்ததும் வெயில் ஏறிவிட்டது. அங்கிருந்து தொல்லை கொடுத்தது குளிர் அல்ல, கேள்வி. திருவண்ணாமலை டீக்கடையில், "கிரிவலமா சார்? பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கிறதே" என்றார்கள். இல்லை, சும்மா தெற்கே போகிறேன் என்றேன். கடைக்காரர் என் பைக்கை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். பெரம்பலூர் அருகே பெட்ரோல் பங்கில் இருந்த பையன் சமயபுரமா என்றான். திருச்சியில் ராத்தங்கிய லாட்ஜின் பதிவேட்டில் பெயர், முகவரி, ஆதார் எண்ணுக்குப் பிறகு ஒரு கட்டம்: வந்த காரணம். நான் 'குளிர்' என்று எழுதினேன். மேலாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு, அழகான கையெழுத்தில் 'சொந்த வேலை' என்று எழுதிக்கொண்டார். அறை எண்ணைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் பரிவு இருந்தது.

நம் நாட்டில் ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்ப ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணங்கள் சிலவே. சாமி, கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, வேலை, கோர்ட். இருபது வயதுப் பையன் என்றால் ஊர் சுற்றுகிறான் என்று விட்டுவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவன் தனியாக வண்டியில் போனால், ஒன்று அவனுக்கு வேண்டுதல் இருக்க வேண்டும், அல்லது வீட்டில் சண்டை இருக்க வேண்டும். அதுவும் மார்கழி மாதம். சாலை முழுக்கக் கறுப்பு வேட்டி ஐயப்ப பக்தர்கள், சிவப்பு உடுத்திய மேல்மருவத்தூர் பக்தர்கள். அருப்புக்கோட்டைக்குப் பிறகு, பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் சாரை சாரையாக வந்தார்கள். அவர்களுக்காகப் போட்டிருந்த பந்தலில் என்னையும் கைகாட்டி நிறுத்தி மோர் கொடுத்தார்கள். "முருகனைப் பார்க்க வண்டியிலா வருகிறீர்கள்?" என்று ஓர் அம்மா கேட்டார், நடக்க முடியாதவன் என்று நினைத்து என் முழங்காலை வேறு அனுதாபத்தோடு பார்த்தார். மோர் வாங்கிக் குடித்த வாயால் மறுக்க மனம் வரவில்லை. ஆமாம் என்றேன். மஞ்சள் துணியில் முடிந்து பத்து ரூபாய் கொடுத்து உண்டியலில் போடச் சொன்னார். அது தனிக் கதை. போட்டுவிட்டேன்.

அந்தப் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. கந்தகக் கரிசல் பூமி, சீமைக் கருவேலம் தவிர வேறில்லை என்று நாங்கள் வடக்கத்திக்காரர்கள் பேசிக்கொள்வது வழக்கம். ஜனவரியில் போய்ப் பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையை அந்தக் கறுப்பு மண் குடித்து வைத்துக்கொண்டு கம்பும் சோளமும் உளுந்துமாகப் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. பந்தல்குடி தாண்டி எட்டயபுரம் போகும்வரை நான் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை.

முள்ளக்காடு

தூத்துக்குடியில் அன்று இரவு ஜன்னலைத் திறந்து போட்டு, போர்வை இல்லாமல் தூங்கினேன். ஆனால் பகலும் முன்னிரவும் கணக்கில் வராது. ஜனவரிப் பகல் எங்கள் ஊரிலும் இதமாகத்தான் இருக்கும். விடியற்காலைதான் சோதனை. ஐந்தரைக்கு எழுந்து திருச்செந்தூர் சாலையில் வண்டியை விட்டேன். வெறும் கை, மெல்லிய சட்டை. காற்றில் உப்பு பிசுபிசுத்தது. விரல்கள் கிளட்சில் தாராளமாக மடங்கின. கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. முத்தையாபுரம் தாண்டி முள்ளக்காட்டருகே இருபுறமும் உப்பளம். வரப்பு கட்டிய பாத்திகளில் வானம் அப்படியே கிடந்தது. ஒரு டீக்கடையில் நிறுத்தினேன்.

கடையில் இருந்த நாலைந்து பேரும் தலையோடு மப்ளர் சுற்றியிருந்தார்கள். ஒருவர் குரங்குக் குல்லா. கடைக்காரர் ஸ்வெட்டர். என் போன் 23 டிகிரி என்று காட்டியது. பெஞ்சில் இருந்த பெரியவர், முழங்கால்வரை சேறு காய்ந்த கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். "இந்தக் குளிரில் வெறும் சட்டையோடு வருகிறீர்களே அண்ணாச்சி, நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளாதா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 23 டிகிரியில் மப்ளரா! உதடுவரை வந்துவிட்டது. அப்போதுதான் அது யாருடைய சிரிப்பு என்று தெரிந்தது. அச்சு அசலாக மைத்துனருடையது. டீயை ஒரு வாய் குடித்து அதை உள்ளே தள்ளினேன். பெரியவரின் ஊரில் வருடம் முழுக்க உடம்பு பழகிய சூடு ஒன்று. அதிலிருந்து நாலைந்து டிகிரி இறங்கினால் அது அவருக்குக் குளிர்தான். அவர் நின்று வேலை செய்வது ஈரச் சேற்றில், வெறுங்காலில். இதை நான் எந்தத் தெர்மாமீட்டரை வைத்து மறுக்கப் போகிறேன்?

வழக்கமான கேள்வி வந்தது: என்ன விஷயமாக இவ்வளவு தூரம்? கிரிவலம், சமயபுரம், முருகன் எல்லாம் தீர்ந்துபோன அலுப்பில், "எங்கள் ஊரில் குளிர் தாங்கவில்லை. வெயிலுக்காக வந்தேன்" என்றேன். பெரியவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். "நாங்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தை பிறந்தால் ஏறும்" என்றார். வந்த வழி முழுக்க என் காரணத்தை அப்படியே வாங்கிக்கொண்ட ஒரே மனிதர் அவர். அதில் அவர் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. வெயிலுக்காக ஒருவன் காத்திருப்பது அவர் தொழிலில் தினசரி விஷயம்.

மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இல்லை. அதற்காகத்தான் அரசு 2022 முதல் மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கிறது. மழை நின்றதும் பாத்தியில் தேங்கிய நல்ல தண்ணீரை இறைத்து, மண்டியை வழித்து, தளம் இறுகும்வரை காலால் மிதிக்க வேண்டும். சரியாக மிதிக்காத பாத்தியில் உவர்நீர் இறங்கிவிடும், உப்பில் மண் ஏறிவிடும். அதன் பிறகு எல்லாம் வெயிலின் கையில். உப்பு விளையத் தொடங்கிவிட்டால் கதை தலைகீழ். அப்போது வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு வெகு முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையைப் பற்றிச் சொன்னார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது அப்போதுதான். அம்பாரமாகக் குவித்து வைத்த உப்பு கரைந்து போனதைச் சொல்லும்போது அவர் கை, இல்லாத ஒரு குவியலைக் காற்றில் தடவியது.

கையுறையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தார். உள்ளே விரலை விட்டுக் கம்பளியைத் தடவினார். கட்டைவிரல் அடியில் இருந்த கோட்டை உடனே கண்டுபிடித்துவிட்டார். "ஆடு முள்ளில் மாட்டியிருக்கிறது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையில் மாட்டி விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "மண்வெட்டி பிடித்தால் வழுக்கும்" என்று கழற்றிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "உங்கள் பக்கம் பச்சைத் தோல் வரும்போது உப்புப் போட்டுத்தானே வரும்? இங்கிருந்து தோலுக்கென்றே லாரியில் உப்பு ஏற்றுவோம்."

அது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. அழுகாமல் இருக்க உப்பைத் தடவித்தான் பச்சைத் தோல் எங்கள் ஊருக்கு வருகிறது. தட்டி உதிர்த்த உப்பும் கழுவிய உப்பும் ஆண்டுக்கணக்கில் பாலாற்று மணலுக்குள் இறங்கியதால்தான் கிணறுகள் கரித்தன. 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் ஷாப்புகளின் கழிவைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன வழக்கை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. உப்புச் செலவைப் பேரேட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தச் செலவுக்கு மறுமுனையில் ஒருவர் சேறு மிதித்துக்கொண்டு தை மாதத்துக்காகக் காத்திருக்கிறார் என்று பேரேடு சொல்லாது. ஆறு போனதற்கு உப்பைக் குற்றம் சொல்ல எனக்கு எப்போதும் வாய் வரும். அவர் எதிரில் வரவில்லை. இது நியாயமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு

திரும்பி வந்தது வந்த வழியேதான். சொல்ல ஒன்றுமில்லை. மேலூரில் டியூப் பஞ்சர், அவ்வளவு. மக்ரூன் வாங்கி வந்ததால் வீட்டில் எல்லாம் சுமுகமாக முடிந்தது. மைத்துனரிடம் முள்ளக்காட்டு மப்ளரைப் பற்றிச் சொன்னேன். "பார்த்தீர்களா, அவர்களுக்கே குளிர்கிறது என்றால் உங்களுக்கு ஏன் குளிராது" என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். "பார்த்தீர்களா, எல்லாம் மனப்பிரமை" என்றார்.

யாராவது போக நினைத்தால்: வேலூரிலிருந்து எட்டு மணிக்கு முன் கிளம்ப வேண்டாம். சந்தவாசலுக்குள் வெயில் வந்து சேரட்டும். செய்தித்தாளை மார்பில் வைக்கும்போது மடிப்பு மேலே வரட்டும், இல்லாவிட்டால் காற்றுக்கு விரிந்து கழுத்தில் குத்தும். உளுந்தூர்பேட்டை முதல் திருச்சிவரை பஸ்களும் கார்களும் பறக்கும் சாலை; நூறு சிசி வண்டிக்கு இடது ஓரமே கதி. இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். உப்பளத்தைப் பார்ப்பதானால் பொங்கலுக்கு முன்பே போய்விடுங்கள். பிறகு அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. லாட்ஜில் வந்த காரணம் கேட்டால், உப்பு வாங்க வந்தேன் என்று எழுதிவிடுங்கள். திரும்பும்போது மதுரையில் நான் அப்படித்தான் எழுதினேன். மேலாளர், "மொத்தமாகவா, சில்லறையாகவா?" என்று மட்டும் கேட்டார்.